மஞ்சள் போர்டுக்கு மட்டும் ஏன் பாஸ் இல்லை?

மூவாயிரம் ரூபாய் கட்டினால் 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கலாம், அல்லது ஓராண்டு ஓடலாம் என்பதே தொடக்கக் கணக்கு. 2025 ஆகஸ்ட் 15 முதல் நடப்புக்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸைப் புகழ்ந்தவர்கள் அதன் பொடி எழுத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. வணிக வாகனங்களுக்கு அது கிடையாது.

அந்தத் தொடக்கக் கணக்கில் ஒருமுறை கடக்க 15 ரூபாய். இந்தப் பதினைந்தை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து கோயம்பேட்டுக்கு வண்டியை விடுங்கள். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் நங்கிலிகொண்டான், ஆத்தூர், பரனூர் என்று மூன்று சாவடிகள். பாஸ் வைத்த காருக்குப் போக 45, வர 45, ஆக 90 ரூபாய். இரவில் கத்திரிக்காய் மூட்டைகளோடு பின்னால் வரும் ‘குட்டியானை’ டாடா ஏஸுக்கு அந்த 15 ரூபாய்க் கணக்கு இல்லை. ரிட்டன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினாலும் இல்லை. இத்தனைக்கும் ஃபாஸ்டேக் வகைப்பாட்டில் டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகள் கார், ஜீப்போடு நான்காம் வகுப்பில்தான் வருகின்றன. ஊதா ஸ்டிக்கரும் ஒன்றே. ஸ்டிக்கர் ஒட்டும்போது கார் இனம், சலுகை என்றதும் லாரி இனம்!

சட்டம் இந்தச் சிறு சரக்கு வண்டித் தொழிலுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம். கார் லைசென்ஸே போதும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. முன்பணம் புரட்டிவிட்டால் சொந்த ஊரிலேயே முதலாளி. மல்லாட்டை மூட்டையை மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றலாம், பந்தல் சாமான் இறக்கலாம். ஆனால் உள்ளூர் வாடகையை மட்டும் நம்பினால் டியூ கட்ட முடியாது. மாதத்தில் நாலைந்து சென்னை நடை வேண்டும். அங்கேதான் பேரம். “டோல் உங்களுதாண்ணே?” “எல்லாம் சேத்துதாம்பா பேசனேன்.” அதற்கு மேல் பேசினால் ஸ்டாண்டில் அடுத்த வண்டி தயார்.

சம்பாதிக்கிற வண்டி கட்டட்டுமே என்கிறார்கள். தினமும் அலுவலகம் போகிற கார் என்ன, சும்மாவா போகிறது? சரக்கு வண்டி சாலையைத் தேய்க்கிறதாம். அச்சுச் சுமை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது 1958-60இல் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த சோதனையின் பாடம். அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். ஃபார்ச்சூனர் பலவும் ஆள் ஏறாமலே இரண்டு டன்னைத் தாண்டும். விதிப்படி பாரம் ஏற்றிய ஏஸ் பெரும்பாலும் அந்த எடைக்கு வராது. (ஓவர்லோடு ஏற்றினால் பிடிக்க வேண்டியது போக்குவரத்துத் துறை.) மாத பாஸ் இருக்கிறதே என்பது இன்னும் வேடிக்கை. ஒரே சாவடிக்கு, ஒரே மாதத்தில் 50 நடை! மாதம் நாலைந்து முறை போகிறவர் அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டவா?

நம் வட்டாரத்துப் பையன்கள் வண்டியை விற்றுவிட்டு ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி வேன் ஏறுவது ஏன் என்று ஆராயக் குழு எதற்கு? பரனூரில் ஓர் இரவு நின்றால் போதும். ஒருவர் பெயரில் எத்தனை வண்டி என்பது வாகன் பதிவேட்டில் இருக்கிறது. ஒரே வண்டி, மூன்று டன்னுக்குள், உரிமையாளரே ஓட்டுநர் என்றால் பாஸ் கொடுங்கள். பதினைந்து வேண்டாம், முப்பதே வாங்கிக்கொள்ளுங்கள்.