தூர்வாருமுன் நத்தையைப் பாருங்கள்

தூத்துக்குடித் துறைமுகத்தை ஆழப்படுத்தும் பேச்சு எப்போது எழுந்தாலும் எத்தனை மீட்டர், எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடுகிறது. அள்ளப்போகிற சேற்றில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். அதைத் தடுக்க 1960களிலிருந்து ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்டை உலகம் முழுக்க அடித்தார்கள். அருமையாக வேலை செய்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிளிமத் கரையில், பெண் நத்தைகளின் வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண்குறி முளைத்திருந்ததைக் கண்டார்கள். கூடவே வளரும் விந்துக்குழாய், முட்டை வெளிவரும் வாயை அடைத்துவிடும். முட்டைகள் உள்ளேயே தேங்கிக் கறுத்து, கடைசியில் நத்தை சாகும். இந்த மாற்றம் தொடங்க ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, இருந்தால் போதும்.

இத்தனூண்டு பொருள் உடம்பை எப்படிப் புரட்டுகிறது? நம் உடம்பை வைத்தே சொல்கிறேன். ஆண், பெண் ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். பிட்யூட்டரி அனுப்பும் எல்ஹெச் ஹார்மோன் செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தொட்டதும், உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது. அந்தச் செய்தி கிடைத்த பிறகுதான் ஸ்டார் என்ற புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சேர்க்கும். அங்கே ஒரு நொதி அதை வெட்ட, அடுத்தடுத்த நொதிகள் மாற்ற, டெஸ்டோஸ்டிரோன் உருவாகிறது. அதை ஈஸ்ட்ரோஜனாக்குவது அரோமடேஸ். மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல் மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள், அது முடக்குவது இந்த நொதியைத்தான்.

வெள்ளீயப் பெயிண்டும் அரோமடேஸை முடக்கி, பெண் நத்தையில் டெஸ்டோஸ்டிரோனைத் தேங்க வைக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். பாடப்புத்தகத்துக்கென்றே செய்தது போன்ற விளக்கம். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை ஆட்டம் காண வைத்தார்கள். ட்ரைபியூட்டைல்டின் போய் ஒட்டுவது நத்தையின் ஆர்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியில். அந்த ஏற்பிக்குரிய, வைட்டமின் ஏயிலிருந்து வரும் அமிலத்தை ஊசியில் ஏற்றினாலும் பெண்ணுக்கு ஆண்குறி வளர்ந்தது. பிறகு மெல்லுடலிகளின் மரபணுக்களைத் துழாவியபோது அரோமடேஸே அகப்படவில்லை. பழியெல்லாம் நொதிமேல் போட்டாயிற்று, பெயிண்ட் கைவைத்ததோ செல்லுக்குப் போகும் செய்தியில்.

மீன் செத்து மிதந்தால்தான் மாசு என்கிற நம் கணக்கு இங்கே செல்லாது. இந்த நஞ்சு உயிரை உடனே எடுப்பதில்லை, முட்டையை நிறுத்துகிறது.

பன்னாட்டுத் தடை 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நம் துறைமுகம் திறந்தது 1974இல். இடையில் 34 ஆண்டுகள் வந்துபோன கப்பல்கள் உதிர்த்தது, காற்றுப் புகாத சேற்றுக்குள் பல்லாண்டு அப்படியே கிடக்கக்கூடியது. தோண்டினால் கலங்கி மேலே வரும். பக்கத்திலேயே வான்தீவு, சங்கு கிடக்கும் இடங்கள், பழைய முத்துப்பார்கள். (முத்து போனதற்குப் பெயிண்ட் காரணம் என்று சொல்லவில்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961இல், துறைமுகம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.)

தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை சேர்க்கலாம். சேற்றில் வெள்ளீயச் சேர்மத்தை அளக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குப் பணம் பிடிக்கும். கூடவே, எத்தனை பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்திருக்கிறது, எவ்வளவு நீளம் என்று கணக்கெடுக்கலாம். இந்த நத்தைக் கணக்குக்கு அவ்வளவு ஆகாது: ஓட்டை நசுக்க ஒரு வைஸ், அளக்க ஒரு வெர்னியர், ஒரு உருப்பெருக்கி. எம்எஸ்சி மாணவர்களே செய்துவிடுவார்கள். பிடித்துவரத் திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர்களைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள், எந்தப் பாறையில் என்ன கிடக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முடிவைத் தமிழில் எழுதி மீன் ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். வெள்ளீயம் மிகுந்த சேறு என்று தெரிந்தால் கடலில் கொட்டாமல் கரையில் அடைத்து வைக்க வேண்டும், அதற்கான செலவை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்த்துவிட வேண்டும்.