பிறவியா, பிரயத்தனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

1972-இல் முத்து காமிக்ஸ் பிறந்த சிவகாசியில் சித்திரக்கதைகளோடு வளர்ந்த எனக்கு, மஸாஷி கிஷிமோட்டோவின் ஜப்பானியச் சித்திரக்கதையான 'நருட்டோ' அனிமே வடிவில், தமிழ்க் குரலில் தொலைக்காட்சிக்கு வந்தபோது உண்டான ஆனந்தம் சாமான்யமானதன்று. ஆகையினாலேயே அதன் பிற்பகுதி அளித்த ஏமாற்றத்தைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

மூலச் சித்திரக்கதையை அனிமே எட்டிப்பிடித்துவிட்டதால், 220 அத்தியாயங்கள் கொண்ட முதல் தொடரின் கடைசி 80 அத்தியாயங்களை ஏறக்குறைய முழுவதும் உபகதைகளால் நிரப்பினார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; கதை தன் கருத்தையே கைவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாய வித்தை எதுவும் கைவராத ராக் லீ என்னும் நிஞ்ஜாச் சிறுவன், காரா என்னும் எதிராளியுடன் பொருதும்போது காலில் கட்டியிருந்த பாரங்களைக் கழற்றி வீச, அவை விழுந்த வேகத்தில் தரை பிளந்து புழுதி மண்டும் காட்சியும், பிறக்கும்போதே விதி நிர்ணயமாகிவிடுகிறது என்று வாதித்த நேஜி என்னும் போட்டியாளனைக் கதாநாயகனான அநாதைச் சிறுவன் நருட்டோ வீழ்த்தும் கட்டமும், பிரயத்தனத்தின் மேன்மையை அல்லவா ஸ்தாபித்தன! தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் எங்கள் வீடுகளின் பிள்ளைகள் நருட்டோவைத் தங்களுள் ஒருவனாகவே பாவித்தார்கள். அவ்வாறிருக்க, 500 அத்தியாயங்கள் நீண்ட இரண்டாம் தொடரான 'ஷிப்புடன்' முடியும் தறுவாயில் அவனைப் புராதன முனிவர் ஒருவரின் மகனான அஷுராவின் மறுபிறவியென்று அறிவித்து, அவன் பட்ட பாட்டையெல்லாம் பூர்வஜன்மக் கணக்கில் எழுதிவிட்டது பெரும் அநியாயம். எதிர்நாயகனாக நெடுங்காலம் வளர்த்து வந்த மதாராவைக் கணத்தில் அகற்றி, காகுயா என்னும் புதிய எதிரியை வானத்திலிருந்து இறக்கியதுபோல் கொணர்ந்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்ஙனம்,
ஓர் அச்சுத் தொழிலாளி,
சிவகாசி.