பச்சிரிசு பாசத்தால் ஜெயிக்கவில்லை!

போக்கிமான் ஆடுபவர்கள் மத்தியில் ஒரு கதை பல வருடமாக உலவிக்கொண்டிருக்கிறது. 2014 ஆகஸ்ட், அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி. நகரம், உலகப் போட்டி. தென்கொரியாவைச் சேர்ந்த செ ஜுன் பார்க் என்ற இளைஞர், பச்சிரிசு என்ற குட்டி மின்சார அணிலைக் களத்தில் இறக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தன் செல்ல அணிலை நம்பினார். கோப்பையைத் தூக்கினார். ஆகவே மக்களே, பிடித்த பிராணி எதுவானாலும் சரி, பாசத்தோடு வளர்த்தால் உலகையே வெல்லலாம்... சுபம்!

இந்தக் கதையில் ஊர் நிஜம், வருடம் நிஜம், அணில் நிஜம், கோப்பையும் நிஜம். மிச்சமெல்லாம் சர்க்கரைப் பாகு. அந்தப் பாகைக் காய்ச்சி ஊற்றுபவர்கள் பார்க்கைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர் போட்ட கணக்கை எல்லாம் துடைத்துவிட்டு, 'பாவம், நல்ல மனசுக்காரப் பையன், ஆண்டவன் கைவிடலை' என்கிற மாதிரி ஒரு பட்டத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு சாம்பியனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆளுக்கு ஆறு போக்கிமான். தொடங்கும் முன்னால் எதிராளியின் ஆறையும் பார்க்கலாம். பார்த்துவிட்டுத் தன்னுடைய ஆறில் நாலை எடுக்க வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. இருவரும் ரகசியமாகக் கட்டளை கொடுப்பார்கள். பிறகு வேகத்தின் வரிசைப்படி எல்லாம் நடக்கும். நீர், நெருப்பு, மின்சாரம், தரை என்று மொத்தம் 18 வகை. எது எதை அடித்தால் இரட்டிப்பு, எது பாதி, எது பூஜ்யம் என்று ஒரு பெரிய அட்டவணை. பார்க்கப் பொம்மைச் சண்டை மாதிரி இருக்கும். உள்ளே போனால் சதுரங்கத்தையும் சீட்டாட்டத்தையும் ஒன்றாகக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒரு சமாச்சாரம்.

சரி, அணிலுக்கு வரலாம்.

2014 போட்டியின் விதிப்படி, கலோஸ் என்ற அந்த ஆட்டத்து நாட்டின் பட்டியலில் உள்ள போக்கிமான்களுக்கு மட்டுமே அனுமதி. பார்க்கின் ஆறு இவை: பச்சிரிசு, கியாரடாஸ், கார்ச்சாம்ப், டேலன்ஃப்ளேம், கோதிடெல், கார்டெவாயர். இதில் கியாரடாஸ் நீரும் பறப்பதும் சேர்ந்த வகை. மின்சார அடி விழுந்தால் நாலு மடங்கு சேதம். மெகா வடிவத்துக்கு மாறிய பிறகும் இரண்டு மடங்கு. எதிராளி மின்சாரம் வைத்திருந்தால் கதை முடிந்தது. ஆக, கியாரடாஸை வைத்து ஜெயிக்க நினைப்பவருக்கு ஒரு மெய்க்காப்பாளர் வேண்டும்.

'ஃபாலோ மீ' என்றொரு உத்தி உண்டு. அதைச் செய்கிற போக்கிமான் அந்தச் சுற்றில் எதிரியின் ஒற்றை இலக்கு அடிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பச்சிரிசு அதைச் செய்யும். அதோடு அதற்கு 'வோல்ட் அப்சார்ப்' என்ற இயல்பும் அமையலாம். மின்சாரம் பட்டால் சேதம் கிடையாது, மாறாக மொத்த உயிரில் கால்வாசி திரும்பக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கியாரடாஸைக் கொல்ல வந்த மின்னல் அணிலுக்கு மருந்தாகிவிடுகிறது!

"இந்த வேலைக்கு அமூங்கஸ் என்ற காளான் இருக்கிறதே, எல்லோரும் அதைத்தானே வைத்திருந்தார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இழுக்கும் வேலையை அமூங்கஸும் செய்யும். ஆனால் அது இழுக்கப் பயன்படுத்துவது பொடி. 2013-ல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளிலிருந்து புல் வகைப் போக்கிமான்களிடம் பொடி பலிக்காது. இரண்டாவது, அந்த வருடம் எங்கு பார்த்தாலும் டேலன்ஃப்ளேம். அந்த நெருப்புப் பருந்தின் பறக்கும் வகை அடிகள், வேகம் என்னவானாலும், அப்போது சாதாரண அடிகளுக்கு முன்னால் போய் விழுந்தன. காளானுக்கு அது இரட்டிப்புச் சேதம். மின்சார வகையான அணிலுக்கோ பாதிதான். சர்க்கரைப் பாகுக் கதையில் இந்தப் பருந்தும் காளானும் வருவதே இல்லை. ஏனென்றால் இவை வந்துவிட்டால் கதை பாசக் கதையாக இருக்காது, கணக்கு வகுப்பாகிவிடும்.

கணக்கு என்றதும் ஓடுபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். பச்சிரிசுவின் அடிப்படை எண்களின் கூட்டல் 405. மிகச் சுமார். உயிருக்கு 60, தற்காப்புக்கு 70. ஒவ்வொரு போக்கிமானுக்கும் 510 பயிற்சிப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரே இடத்தில் அதிகபட்சம் 252. ஆடுபவர்கள் இதை ஈ.வி. என்பார்கள். பார்க் உயிரில் 252, தற்காப்பில் 252 கொட்டினார். தற்காப்பைப் பத்து சதவிகிதம் ஏற்றும் சுபாவத்தையும் தேர்ந்தெடுத்தார். 50-ம் லெவலில் அந்த அணிலுக்கு உயிர் 167, தற்காப்பு 134. தாக்கும் எண்ணைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

இப்போது தாக்குதலில் முழுப் பயிற்சி பெற்ற, கையில் பொருள் எதுவும் பிடிக்காத டேலன்ஃப்ளேம் ஒன்று தன் 'பிரேவ் பேர்ட்' அடியை இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சேதம் 37-லிருந்து 44-க்குள் விழும். பச்சிரிசு வைத்திருந்த சிட்ரஸ் பழம் திருப்பித் தருவது 41. அதாவது ஒரு பழம் ஏறக்குறைய ஓர் அடியை அழித்துவிடும். நாலு அடி வாங்கியும் அணில் நிற்கும். பருந்துதான் ஒவ்வொரு அடிக்கும் தன் உடம்பையும் கொஞ்சம் காயப்படுத்திக்கொண்டிருக்கும். இதே அணிலைப் பயிற்சிப் புள்ளியே இல்லாமல், வெறும் பாசத்தோடு மட்டும் கூட்டிவந்தால்? உயிர் 135, தற்காப்பு 90, ஒரு அடிக்கு 54 முதல் 65 வரை சேதம். பழம் தின்றாலும் மூன்றாவது அடியில் பெரும்பாலும் படுத்துவிடும். அதே அணில்தான், அதே முகம்தான், அதே வால்தான்!

மீதி இருக்கும் உத்திகளும் இதே ரகம். 'சூப்பர் ஃபேங்' என்ற கடி, கடிப்பவரின் பலத்தைப் பார்க்காது. எதிரில் இருப்பவரின் மிச்ச உயிரில் சரிபாதியை எடுத்துவிடும். பலம் இல்லாத அணிலுக்கு இதைவிடப் பொருத்தமான அடி ஏது? மலை மாதிரி நிற்கும் மெகா கங்கஸ்கானும் ஒரே கடியில் பாதியாகிவிடும், மீதியைக் கூட்டாளி பார்த்துக்கொள்ளும். 'நஸ்ஸல்' என்ற உரசல் சேதத்தில் ஒன்றுமில்லை, ஆனால் பட்டால் பக்கவாதம் நிச்சயம். அந்தப் பதிப்பில் பக்கவாதம் வந்தவரின் வேகம் கால்வாசியாகக் குறைந்துவிடும். நாலாவது 'புரொடெக்ட்', தற்காத்துக்கொள்ள. இந்த நாலில் எதிரியை அடித்து வீழ்த்துவதற்கென்று ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. ஜெயிக்கும் வேலையை மற்ற மூன்றிடம் ஒப்படைத்துவிட்டு, அடி வாங்கும் வேலைக்கென்றே கூட்டிவரப்பட்ட பிராணி அது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். பாகுக் கோஷ்டி அந்தப் பழமொழியைப் பாதியில் விட்டுவிடுகிறது. துரும்பு பல் குத்தத்தான் உதவும், உத்தரத்துக்கு உதவாது. பார்க் துரும்பை உத்தரத்தில் வைக்கவில்லை. (கடிக்கிற அணிலுக்குப் பல் பழமொழி... அதுவாக அமைந்துவிட்டது!)

இன்னொரு வேடிக்கை. பச்சிரிசுவின் வோல்ட் அப்சார்ப் என்பது மறைந்த திறன், சாதாரணமாகப் பிடிக்கும் பச்சிரிசுவிடம் இருக்காது. ஃபாலோ மீ அதற்கு முட்டை வழியாக வரும் உத்தி, பெற்றோரிடமிருந்து வரவேண்டும். ஆக, 'வழியில் பார்த்தேன், பிடித்துப்போயிற்று, கூடவே வைத்துக்கொண்டேன்' என்ற வகைப் பாசத்தில் கிடைக்கும் அணில் வேறு, வாஷிங்டனில் ஆடிய அணில் வேறு. பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு.

சரி, இந்த ஆட்டத்தில் பாசத்துக்கு இடமே கிடையாதா என்றால், இருக்கிறது. அதற்கும் ஓர் எண் வைத்திருந்தார்கள்! நட்பின் உச்சம் 255. 'ரிட்டர்ன்' என்ற அடிக்கு நட்பு உச்சத்தில் இருந்தால் வலிமை 102. உருகுவதற்கு முன் இதையும் கேளுங்கள்: 'ஃப்ரஸ்ட்ரேஷன்' என்று ஒரு மறுபக்க அடி உண்டு, போக்கிமான் தன் எஜமானரை அடியோடு வெறுத்தால் அதற்கும் வலிமை 102-தான். அன்புக்கும் வெறுப்புக்கும் ஒரே மார்க். 2019-ல் வந்த ஸ்வோர்டு, ஷீல்டு பதிப்புகளில் இரண்டையுமே கழற்றி வைத்துவிட்டார்கள். எக்ஸ், ஒய் பதிப்புகளில் போக்கிமானைத் தடவிக்கொடுத்து, தின்பண்டம் ஊட்டி அன்பை வளர்க்கும் ஏற்பாடும் இருந்தது. அன்பு முற்றினால் அது சாகவேண்டிய அடியிலும் ஒரு புள்ளி உயிரோடு தாக்குப்பிடிக்கும். அழகுதான். ஆனால் இன்னொரு மனிதரோடு இணைப்பில் மோதும்போது அந்தச் சலுகைகள் வேலை செய்யாது. ஆட்டத்தை உருவாக்கியவர்களே போட்டி என்று வந்தால் பாசத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். பாகுக் கோஷ்டிக்கு இது தெரியாதா, தெரியாத மாதிரி இருக்கிறார்களா?

2016-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வுல்ஃப் கிளிக் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அவர் அணியில் ரைச்சு இருந்தது. கியோகர், ரெக்வாசா என்ற இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு ரைச்சு. அங்கும் அதே தர்க்கம்தான். மின்சாரத்துக்குப் பயப்படும் கியோகர் பக்கத்தில், மின்சார அடிகளைத் தன்மேல் இழுத்து ஒன்றுமில்லாமல் ஆக்கும் இடிதாங்கி இயல்புள்ள ரைச்சு. அணிலும் கியாரடாஸும் போலவேதான். அதற்கு மட்டும் ஏன் கண்ணீர் மல்கும் பாசக் கதை எழவில்லை? ரைச்சு அந்த அளவுக்குப் பரிதாபமாக இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிர்க் கோஷ்டி ஒன்று உண்டு. 'எண் பெரிதாக இருக்கிற ஆறைப் பொறுக்கு, முடிந்தது' என்பவர்கள். இவர்களுக்கு ஒரே ஒரு பதில் போதும்: ஸ்லாக்கிங். கூட்டல் 670, பச்சிரிசுவைவிட 265 அதிகம். ஆனால் பிறவிச் சோம்பேறி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் அசையும். அதன் தூங்கும் சுற்றில் எதிராளி நிதானமாகத் தன் வேலையை முடித்துக்கொள்வார். இவர்களோடு அதிகம் சண்டை தேவையில்லை. இரண்டு ஆட்டம் தோற்றால் தானாகத் திருந்திவிடுவார்கள்.

பாகுக் கோஷ்டிதான் ஆபத்து. ஏனென்றால் அவர்கள் சொல்வது தோற்றாலும் உடையாத தத்துவம். புதிதாக ஆட வரும் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தனக்குப் பிடித்த ஆறைச் சேர்க்கிறான். அதில் நாலுக்குத் தரை வகை அடி ஆகாது. வேகத்தைக் கட்டுப்படுத்த ஒன்றும் இல்லை. எல்லாமே அடிக்கும், எதுவும் தாங்காது. பூகம்பம் என்ற ஒரே அடியில் இரண்டும் ஒன்றாக விழும். (பூகம்பம் எல்லோர் மேலும் விழுவது. அதை ஃபாலோ மீ-யாலும் இழுக்க முடியாது.) பத்து ஆட்டம், பத்துத் தோல்வி. அவனிடம் போய் 'இன்னும் நம்பிக்கை வை, பச்சிரிசுவைப் பார்' என்றால் அவன் என்ன முடிவுக்கு வருவான்? தன்னிடம்தான் குறை, அல்லது இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம். இரண்டில் எதை நினைத்தாலும் அதோடு ஆட்டத்தை விட்டுவிடுவான். 'உன் ஆறில் எது எதைக் காப்பாற்றுகிறது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனுக்குப் பிடித்த அந்த ஆறில் மூன்றையாவது வைத்துக்கொண்டே ஜெயித்திருக்கலாம்.

அடுத்தவர் அணியைப் பார்த்து எழுதுவது கேவலம் என்பதும் இதே கோஷ்டியின் உபதேசம்தான். சதுரங்கம் பழகுபவர் பழைய ஆட்டங்களின் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்தால் யாரும் திருடன் என்பதில்லை. 2015-ல் கிரெசெலியா, ஹீட்ரான், அமூங்கஸ், லாண்டரஸ், கங்கஸ்கான் என்ற ஐந்தையும் எங்கும் காண முடிந்தது. ஐந்தின் ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்து 'சாக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே ஐந்தை வைத்துக்கொண்டு சிலர் ஜெயித்தார்கள், பலர் தோற்றார்கள். எழுதிய அணியை எடுத்து ஆடுவதற்கும் மூளை வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி? பார்த்து ஆடி, தோற்று, 'இந்த இடத்தில் ஏன் இதை வைத்தார்?' என்று யோசிப்பவர்தான் ஒருநாள் காளானை எடுத்துவிட்டு அணிலை வைக்கத் துணிவார்.

பாச உபதேசத்தின் இன்னொரு முகம் 2023-ல் யோகோஹாமாவில் தெரிந்தது. அந்த உலகப் போட்டியில் மென்பொருளால் உருவாக்கிய போக்கிமான்களை வைத்திருந்ததாகச் சிலர் தகுதி நீக்கப்பட்டார்கள். விதி தெரிந்தே மீறியவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது 'சொந்தக் கையால், பாசத்தோடு வளர்த்திருக்க வேண்டாமா?' என்று கிளம்பிய குரல்களை என்ன சொல்ல? போட்டிக்கு ஏற்ற போக்கிமான் ஒன்றை வளர்ப்பதில் பெரும்பகுதி, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து நேரத்தைக் கொல்வது. முட்டை பொரிக்க நடந்துகொண்டே இருப்பதில் பாசமும் கிடையாது, திறமையும் கிடையாது. கையில் நேரம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்டு. அதை ஆட்டத்தின் சொந்தக்காரர்களே மெல்ல ஒப்புக்கொண்டு வருகிறார்கள். 2016-ல் பிறவிக் குறைகளைச் சரிசெய்யும் பயிற்சி வந்தது, ஆனால் 100-ம் லெவலுக்குப் போனால்தான். 2019-ல் சுபாவத்தை மாற்ற மூலிகை வந்தது. 2022-ல் அதே பயிற்சிக்கு 50-ம் லெவலே போதும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் வளர்க்கும் நேரம் குறைந்தது, எந்த ஆறு என்று யோசிக்கும் நேரம் அப்படியே இருக்கிறது.

பார்க்கும் அந்த நேரத்தைத்தான் செலவழித்தார். அணிலுக்கு உயிரில் 252, தற்காப்பில் 252 போட்டபிறகு கையில் ஆறு புள்ளிதான் மிஞ்சும். அதில் உபயோகப்படுவது நாலு. அந்த நாலையும்கூட விட்டுவைக்காமல் சிறப்புத் தற்காப்பில் போட்டிருந்தார், 110 என்பது 111 ஆனது.