தீய நோக்கமின்மை மட்டும் போதுமா?

இதழியலைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களுள், சிட்னி போலாக் இயக்கத்தில் 1981இல் வெளிவந்த 'ஆப்சென்ஸ் ஆஃப் மாலிஸ்' என்னும் அமெரிக்கப் படம் குறிப்பிடத்தக்கது. தலைப்பின் பொருள் 'தீய நோக்கமின்மை' என்பதாகும். செய்தித்தாள் ஆசிரியராகப் பணியாற்றிய கர்ட் லூட்கே எழுதிய கதையாதலின், பெரிதும் எதிர்பார்த்தே அதனைக் கண்டோம். எஞ்சியது ஏமாற்றமே.

அதிகாரி ஒருவர் வேண்டுமென்றே கசியவிட்ட செய்தியை நம்பி, குற்றமற்ற வணிகனைப் பெண் நிருபர் பழிக்கு உள்ளாக்குகிறார். அவனுக்காகச் சான்று பகர வந்த தோழியின் மறைபொருளும் அச்சேற, அவள் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்த மரணத்தின் முன் நின்று சிந்தித்திருக்க வேண்டிய படம், காதலையும் நாயகனின் சூழ்ச்சித் திறனையும் நாடிச் செல்கிறது. அவன் அதிகாரிகளையும் செய்தித்தாளையும் ஒருங்கே சிக்கவைத்து வெல்கிறான். இழந்த பெயரை மதிநுட்பத்தால் மீட்டுவிடலாம் என்னும் அவ்வாறுதல் பொய்யானது என்பதே நம் கருத்து.

நம் மண்ணின் வரலாறு வேறு பாடம் கற்பிக்கிறது. 'சினிமா தூது', 'இந்துநேசன்' ஆகிய இதழ்களில் கலைஞர்களின் அந்தரங்கங்களை எழுதி வந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947இல் விடுதலையும் பெற்றனர். எழுத்துக்குப் பகையாகக் கத்தியை எடுத்ததும் கொடுமையே. அதனை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆயின் விடுதலைக்குப் பின் நிகழ்ந்ததை நோக்குக. கலைவாணர் 'நல்லதம்பி', 'மணமகள்' எனத் தொடர்ந்து மீண்டெழுந்தார். 'ஹரிதாஸ்' படத்தால் கொடிகட்டிப் பறந்த பாகவதருக்கோ, 1948இல் வந்த 'ராஜமுக்தி' முதலாகத் தோல்வியே வாய்த்தது. மக்களின் சுவை மாறியதும் ஒரு காரணமாகலாம். எனினும், நீதிமன்றம் உடலைச் சிறை மீட்கலாம். ஊரார் நாவிலிருந்து பெயரை மீட்க அதற்கு ஆற்றலில்லை.

சட்டம் இதழ்களுக்கு ஓரளவு காப்பளிப்பது தேவையே. பொதுப் பணியில் உள்ளோரைப் பற்றிய தவறான செய்தி, பொய்யென அறிந்தோ உண்மையை ஆராயாத அசட்டையாலோ வெளியிடப்பட்டாலன்றி இழப்பீட்டுக்கு உரியதாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. 'நக்கீரன்' இதழ் தொடர்பான வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் 1994இல் அந்நெறியை ஒட்டியே தீர்ப்பு வழங்கியது. தனிமனிதரின் அந்தரங்கத்தையும் உடன் காத்தது. அதிகாரத்தைத் தட்டிக் கேட்கும் எழுதுகோலுக்கு இக்காப்பு வேண்டும். ஆனால் சட்டத்தின் எல்லை அறத்தின் எல்லையன்று.

நம் நெரவிக்கு வடக்கே, இதே கடற்கரையில் அமைந்த புகாரில் பிறந்த கோவலனை எண்ணிப் பார்ப்போம். பாண்டியனுக்கு அவன்மீது பகையுண்டோ? தீய நோக்கம் பொற்கொல்லனுடையது. மன்னன் செய்த பிழை, கேட்டதை ஆராயாமல் ஆணையிட்டது மட்டுமே. அப்பிழைக்குத் தன் உயிரையே அவன் விலையாகத் தந்தான். திருக்குர்ஆனின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயமும், தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிக்கின்றது. அறியாமையால் ஒரு சமூகத்திற்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பதே அது கூறும் காரணம். அறியாமையும் அங்கே சாக்காகாது என்பது உணரத்தக்கது.

இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் ஓர் அச்சகம் கைப்பேசி வடிவில் இருக்கின்றது. கல்லூரி வாயிலில் பிறக்கும் ஒரு வதந்தி, மாலைத் தொழுகைக்குள் தெருவெங்கும் பரவிவிடுகிறது. ஒரு பெண்ணின் பெயரோ, ஓர் ஆசிரியரின் மானமோ அதில் சிக்கினால், 'தவறான எண்ணத்தில் அனுப்பவில்லை' என்னும் மறுமொழி யாருக்குப் பயன்படும்? அனுப்புமுன் ஒரு நொடி நின்று, 'இது மெய்தானா?' என்று கேட்கும் பண்பையே இலக்கியம் பயிலும் மாணவர்களிடம் நாம் வேண்டுகிறோம். அப்படம் சொல்லாமல் விட்டது இதுவே.