நெகிழ்வு நேரமா, நீட்டிய நேரமா?

"வேலை நேரம் உமது விருப்பம்" என்று விளம்பரம் செய்கின்றன கணினி மென்பொருட் கம்பனிகள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் படித்து முடித்த எமது பிள்ளைகள் அதைக் கண்டு மகிழ்கின்றனர், பெற்றோரும் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியைக் கெடுப்பது எமது நோக்கமன்று. ஆயினும் அவ்விருப்பம் எவருடைய விருப்பம் என்ற கேள்வியை எவரேனும் கேட்டே ஆகவேண்டும். மொழியுரிமைக்கும் காணியுரிமைக்கும் குரல் கொடுப்போருக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவோரும் உளர். எமது பிள்ளைகளின் நேரம் களவு போகும்போது வாளாவிருப்போமாயின், வேறெந்த உரிமையைப் பற்றியும் பேச எமக்கு வாயில்லை.

மென்பொருள் செய்வோர் ஒரு சாரார். செய்ததைச் சோதித்துப் பிழை காண்போர் இன்னொரு சாரார். பின்னவரைக் கந்தோர்களில் 'கியூ.ஏ.' என்பர். அத்தகைய ஒருவரின் ஒரு நாளைப் பார்ப்போம். எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த பலர் சொன்னவற்றை ஒன்றாய்ச் சேர்த்தே கூறுகின்றோம்.

காலை ஒன்பதரைக்குக் குழுக் கூட்டம். அது முடிந்ததும், இரவில் இயந்திரம் தானே நடத்திய சோதனைகளில் எவை தவறின என்று பார்க்க வேண்டும். தவறியது மென்பொருளா, சோதனையே பிழையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒரு வங்கியின் கைத்தொலைபேசிச் செயலியே கையிலுள்ளது என்று கொள்வோம். பணம் அனுப்பும் கணத்தில் தொடர்பு அறுந்தால் காசு இருமுறை கழிபடுகின்றதா? தொகையிருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை இட்டால் என்ன நேரும்? பெப்ரவரி 29 அன்று வட்டி சரியாக வருகின்றதா? கண்ட பிழையை மீண்டும் வரவழைத்துக் காட்டவேண்டும். எந்தப் படியில் எது நடந்தது என்று சாட்சியம் பதிவதுபோல் எழுதவேண்டும். நிரூபிக்க முடியாத பிழையை நிரல் எழுதியவர் ஒப்புக்கொள்வதில்லை. சட்டத்தரணியாகிய எமக்கு இவ்வேலையின்மீது தனி மதிப்பு உண்டாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நண்பகலில் வரவேண்டிய புதிய நிரல் மாலை ஐந்துக்கு வருகின்றது. நியூயோர்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது இங்கே கோடை காலத்தில் மாலை ஆறரை, குளிர் காலத்தில் ஏழரை. அப்போதுதான் வாடிக்கையாளர் கூட்டம். வெளியீட்டு நாள் நாளையென்று முன்னரே வாக்களித்தாயிற்று, அது மாறாது. திருத்தியதைச் சோதித்து, திருத்தத்தால் வேறெதுவும் கெடவில்லையென்று பழையதையும் சோதித்து எழும்போது நள்ளிரவு கடந்து ஒரு மணி. மறுநாள் ஒன்பதரைக் கூட்டமோ நின்றபடியே நிற்கின்றது. பிந்தி வரலாம் என்ற சலுகை கூட்டத்துக்குப் பொருந்தாதாம்!

கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவனுடைய கதைதான் இது. மேலேயுள்ளவர்கள் பாய்ச்சி முடித்தபின் மிஞ்சியதே அவனுக்கு. விதைப்பு நாளோ எல்லோருக்கும் ஒன்றே. திட்டமிட்டவர் பிந்தினாலும், நிரல் எழுதியவர் பிந்தினாலும், அப்பிந்தல் முழுவதும் பரிசோதகரின் இரவிலிருந்தே அறவிடப்படுகின்றது. வெளியீட்டு நாள் நெகிழாத இடத்தில் நெகிழ்வது ஊழியனுடைய நித்திரைதான்.

"நாங்களும் விடியுமுன் எழுந்து இறைத்தவர்கள்தானே, மணிக்கூடு பார்த்தோமா?" என்று முதியோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் இறைத்தது தம் தோட்டத்துக்கு. விளைந்தால் வீடு வரும். பயிர் அழைத்துப் போவது வேறு. பண்ணைக்காரன் அழைத்துப் போவது வேறு. பண்ணைக்காரன் அழைத்தால் கூலி கேட்கத் தெரியாதவர்களா எம்முடைய மூத்தோர்?

நெகிழ்வு நேரத்தையே நாம் எதிர்ப்பதாக எவரும் திரிக்க வேண்டாம். கைக்குழந்தையுடைய தாய் பதினொரு மணிக்கு வேலை தொடங்குவதும், தந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றவர் மாலையில் அந்நேரத்தை ஈடுசெய்வதும் நல்ல ஏற்பாடுகளே. நேரத்தை இடம் மாற்றுவது நெகிழ்வு, கூட்டுவது சுரண்டல்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வகுத்துள்ளது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு வேதனம். அந்த மேலதிக வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது. இதைக் காட்டினால் கம்பனியார் சொல்லும் மறுமொழி, "நீர் நிருவாகத் தரத்தவர், உமக்கு மேலதிக நேரம் இல்லை" என்பதே. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை எவரை நிருவகிக்கின்றது? மேசையிலுள்ள கணினியையா? சூட்டிய பட்டத்தைவிடச் செய்யும் வேலையே பெரிதென்பது தொழிற்சட்டத்தின் பால பாடம். தொழில் திணைக்களத்தார் அப்பாடத்தை இக்கந்தோர்களில் ஒருமுறையேனும் வாசித்துக் காட்டட்டும்.

இது ஊழியரின் வசதி பற்றிய பேச்சு மட்டுமன்று. 2024 ஜூலை 19 அன்று குரௌட்ஸ்ட்ரைக் என்னும் கம்பனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பொன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தடுமாறின. அப்பிழையைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை நிரலிலேயே பிழை இருந்தது. பிரித்தானியாவில் தபாற் கந்தோர்களில் வைத்த 'ஹொரைசன்' கணக்குமுறை காட்டிய பொய்க் குறைவுகளால், 1999 தொடக்கம் 2015 வரை 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். நிரபராதிகள் சிறை சென்றனர். இயந்திரம் சரியாகவே இயங்கும் என்ற அநுமானம் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக நின்றது. அத்தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இவையெல்லாம் பரிசோதகரின் சோர்வால் விளைந்தன என்று நாம் சொல்லவில்லை. சோதனை தவறினால் என்ன நேரும் என்பதைக் காட்டவே சொல்கின்றோம். அவ்வேலையை நள்ளிரவில், பதினைந்தாவது மணித்தியாலத்தில், சிவந்த கண்களுடன் செய்விப்பது எந்த விவேகம்?

பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பறுத்திருக்கும் உரிமை பற்றி ஊழியருடன் பேசியாக வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் 26 முதல், நேரங்கடந்த அழைப்புக்கு நியாயமான அளவில் மறுமொழி மறுக்கும் உரிமை சட்டமாயுள்ளது. அந்நாடுகளின் மென்பொருட் தொழில் அழிந்துவிடவில்லை.

எமது இயக்கத்தாரும் குற்றத்துக்கு உட்பட்டவரே. தொழிற்சங்கம் என்பது இடதுசாரிகளின் அலுவல் என்று ஒதுங்கியிருந்தோம். பட்டதாரிகளுக்குச் சங்கம் இழுக்கென்று நினைக்கவும் விட்டுவிட்டோம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுவர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். ஒரு கந்தோரின் மதிய உணவு மேசையில் அமர்வோர் எத்தனை பேர்?

அதுவரையில் ஒன்று செய்யுங்கள். பிணக்கு என்று வந்தால் கம்பனியின் பதிவேடு கம்பனிக்காகவே பேசும். ஆகையால் நாளை முதல் ஆளுக்கொரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு அமர்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இரவில் அழைத்தவர் யார், எதற்காக அழைத்தார் என்பவற்றைத் திகதியிட்டு அன்றன்றே எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிய கொப்பியுடன் வருபவரின் வழக்கை நாம் ஏற்கத் தயார்.