கொலை இல்லாத கதை

நீங்கள் வழக்கமாகப் போகும் ஓட்டலில் ரவா தோசை கேட்கிறீர்கள். "இன்று தோசை கிடையாது ஸார், புளியோதரை போட்டிருக்கிறோம். சாப்பிட்டுப் பாருங்களேன்!" என்கிறார் முதலாளி. உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

எழுத்தாளர்கள் விஷயத்திலும் நாம் இப்படித்தான். துப்பறியும் கதை எழுதுகிறவர் காலமெல்லாம் அதையே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். 'எட்டு வாரமாகியும் ஒரு கொலைகூட விழவில்லையே!' என்று அங்கலாய்க்கும் கடிதங்களை நானே பிரித்துப் படித்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஆர்தர் கானன் டாயில் பட்ட பாடு பிரசித்தம். சரித்திர நாவல்களால் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. குறுக்கே நின்றவர் அவரே படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ்! 1893 டிசம்பர் மாத 'ஸ்டிராண்ட்' பத்திரிகையில், ஸ்விட்சர்லாந்து அருவி ஒன்றில் ஹோம்ஸின் கதையை முடித்தார். வாசகர்கள் விடுவார்களா? கண்டனக் கடிதங்கள் பறந்தன. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். தோற்றவர் ஆசிரியர்தான்!

அகதா கிறிஸ்டி அம்மையார் சாமர்த்தியசாலி. வாசகரோடு மல்லுக்கு நிற்காமல், பெயரை மாற்றிக்கொண்டார். 1930 முதல் 1956 வரை 'மேரி வெஸ்ட்மகாட்' என்ற பெயரில் ஆறு நாவல்கள் எழுதினார். கொலையும் இல்லை, துப்பறிவாரும் இல்லை. ஏறக்குறைய இருபது வருஷம் காத்த ரகசியத்தை 1949-இல் ஒரு பத்திரிகை போட்டு உடைத்துவிட்டது.

அந்த ஆறில் 1944-இல் வந்த 'ஆப்ஸென்ட் இன் தி ஸ்பிரிங்' என்பதை என் கல்லூரி நாட்களில் வாடகை நூல் நிலையத்திலிருந்து எடுத்து வந்தேன். அட்டையில் கிறிஸ்டியின் பெயரும் இருந்ததுதான் காரணம். முப்பது பக்கம் புரட்டினேன், பிணத்தைக் காணோம். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம்தான் அதை முழுதும் படித்தேன். பாலைவன விடுதியில் ரயில் வராமல் தங்கிவிடுகிறாள் ஒரு குடும்பத் தலைவி. கையிலிருந்த புத்தகங்கள் தீர்ந்துவிடுகின்றன. கணவரையும் குழந்தைகளையும் பற்றி யோசிக்கத் தொடங்குகிறாள். 'அவர்களுக்காகவே வாழ்ந்தேன்' என்று எண்ணியிருந்தவளுக்கு, அவர்கள் மனத்தில் இருந்ததை ஒரு நாளும் கேட்டதில்லை என்பது மெல்ல மெல்லப் புரிகிறது. அவ்வளவுதான் கதை. மூன்றே நாளில் எழுதியது. தமக்கு முழுத் திருப்தி தந்த புத்தகம் இதுவே என்று சுயசரிதையில் சொல்கிறார் கிறிஸ்டி.

புத்தகத்தை மூடியதும் ஊரிலிருக்கும் என் தாயாருக்கு டெலிபோன் செய்தேன். "என்னடா, இந்த நேரத்தில்?" என்று பதறினார். "ஒன்றுமில்லை அம்மா, சும்மாதான்" என்றேன். பிறகு அரை மணி நேரம் அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எந்தக் கொலைக் கதையும் என்னை இப்படிச் செய்ய வைத்ததில்லை. அன்று முப்பதாம் பக்கத்தில் நிறுத்தியதால் இத்தனை வருஷம் இழந்தேனே!

ஆகவே, உங்கள் அபிமான எழுத்தாளர் ஒரு நாள் புளியோதரை பரிமாறினால், ஒரு கவளம் சாப்பிட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். பிரித்துப் படிக்க நான் இருக்கிறேன்!