மேகத்தில் வைத்த தஸ்தாவேஜுகள்

2025-ம் வருஷம் ஸெப்டம்பர் மாதம் 26-ந் தேதியன்று தென்கொரிய தேசத்தின் தேஜான் நகரிலுள்ள சர்க்கார் தகவல் நிலையத்தில் தீப்பற்றிற்று. லித்தியம் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையில் மூண்ட அத்தீயினால் 709 சர்க்கார் சேவைகள் ஒருங்கே நின்றன. அவை பின்னர்ப் படிப்படியாக மீட்கப்பட்டன. ஆனால் உத்தியோகஸ்தர்கள் தங்கள் அலுவல் பத்திரங்களை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் மேகச் சேமிப்பு எரிந்து போயிற்று. 858 டெராபைட் அளவுள்ள அக்களஞ்சியத்துக்கு வெளியிடத்தில் நகல் கிடையாது. அளவு மிகப் பெரிதாதலால் நகல் வைக்க இயலவில்லை என்பதே அதிகாரிகள் கூறிய சமாதானம். பெரிய களஞ்சியத்துக்குப் பெரிய காவல் வேண்டுமென்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மேகம் என்னும் பெயர் ஜனங்களை மயக்குகின்றது. நமது கடிதங்களும் கணக்குகளும் ஆகாயத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், மின்சாரத்தால் ஓடும் யந்திரங்களில் அவை கிடக்கின்றன. அக்கட்டடத்துக்கு ஓர் எஜமானன் உண்டு. அந்த எஜமானன் கீழ்ப்படியும் சட்டமும் உண்டு.

ஆயினும், மேகச் சேமிப்பே கூடாதென்பது நமது கக்ஷியன்று. 2015-ம் வருஷம் டிஸம்பர் மாத வெள்ளத்தில் சென்னைவாசிகள் பலர் வீட்டுப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றுகளையும் பறிகொடுத்து, நகல் பெற விசேஷ முகாம்களை நாடியதை நாம் மறக்கவில்லை. உக்ரெயின் தேசத்துப் பார்லிமெண்டு 2022-ம் வருஷம் பிப்ரவரியில், ருஷியப் படை புகுவதற்குச் சில தினங்கள் முன்னதாக, சர்க்கார் தஸ்தாவேஜுகளை மேகத்தில் வைக்க இடந்தரும்படி சட்டத்தைத் திருத்திற்று. யுத்தம் மூண்டபின் அவை வெளிதேசத்து நிலையங்களில் அடைக்கலம் புகுந்தன. குண்டு விழுந்தாலும் பிரஜைகளின் பதிவேடுகள் அழியா என்பது சிறிய நன்மையன்று.

எனினும், பிறர் வீட்டில் வைத்த பொருளைப் பிறர் திறந்தால்தான் எடுக்க முடியும். 2025-ம் வருஷம் ஜூலை மாதம் ஐரோப்பிய யூனியன் விதித்த தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் வாடினார் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி தன் சேவைகளை நிறுத்திற்று. நயாரா டில்லி ஹைகோர்ட்டை நாடிற்று. சில தினங்களில் சேவை மீண்டது. இந்திய மண்ணில் நடக்கும் ஒரு தொழிலின் கடிதப் போக்குவரத்தை, நாம் தேர்ந்தெடுக்காத ஒரு சபையின் தீர்மானம் முடக்கிவிட்டதென்பதை நமது தலைவர்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

"ஆகவே எல்லாம் சுதேசியாகட்டும்" என்று அன்பர்கள் கூறலாம். அது வேண்டியதே, ஆனால் அதுமட்டும் போதாது. தேஜானில் எரிந்தது அந்நியர் வீடன்று, கொரிய சர்க்காரின் சொந்த வீடே. மாறாக, 2024-ம் வருஷம் மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிஸூப்பர் என்னும் பென்ஷன் நிதியின் கணக்கு கூகிள் கம்பெனியின் மேகத்தில் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஆறு லக்ஷத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் ஒரு வாரகாலம் தங்கள் கணக்கைப் பார்க்க இயலாமற் போயிற்று. ஆயினும் வேறொரு கம்பெனியிடமும் நகல் வைத்திருந்தமையால் அந்நிதி மீண்டது. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டிவைக்கும் குடியானவன் உண்டோ?

நமது மத்திய சர்க்கார் 'மேகராஜ்' என்னும் பெயரால் சொந்த மேகத் திட்டம் நடத்துகின்றது. சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகள் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பிரஜைகளின் தஸ்தாவேஜுகளுக்கு எத்தனை ஊர்களில் நகல் உள்ளது? அந்நகலிலிருந்து அவற்றை மீட்டுப் பார்க்கும் பரீக்ஷை கடைசியாக எப்போது நடந்தது? பூட்டின் சாவி யார் கையில் இருக்கின்றது?

சர்க்காரைக் கேட்கும் நாமும் நம் கடமையைச் செய்வோமாக. தேச ஊழியர் ஒவ்வொருவரும் தம் சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவையும் வரவு செலவுக் கணக்கையும் மேகத்தில் வைக்கலாம், குற்றமில்லை. ஆனால் ஒரு நகல் தம் கையிலும், மற்றொன்று வேறூரிலும் இருத்தல் வேண்டும். தீ மூண்டபின் நகல் தேடுவது வீண்.